செவி ஸ்மால் பிளாக்: வெளிய பாத்தா எல்லாம் ஒண்ணு, உள்ள எது எதோட சேரும்? முழுமையான வழிகாட்டி

பழைய செவர்லே பிக்கப்போ கமேரோவோ வாங்கி நாமளே ரெடி பண்ணி ஓட்டணும்னு இறங்கிட்டா, முதல்ல கைல சிக்கறது செவி (செவர்லேயைச் சுருக்கிச் சொல்றது) ஸ்மால் பிளாக் வி8 இன்ஜின்தான். 1955 மாடல் கார்ல 265 க்யூபிக் இன்ச்சா ஆரம்பிச்சது, அப்ப செவர்லேல சீஃப் இன்ஜினியரா இருந்த எட் கோல் டீம் போட்ட டிசைன், அதே அடிப்படைல 2000 தாண்டியும் வேன்கள்ல வந்துட்டு இருந்துச்சு. ஒரு சிலிண்டர் சென்டர்ல இருந்து அடுத்த சிலிண்டர் சென்டருக்கு 4.40 இன்ச், பிளாக் உயரம் 9.025 இன்ச், ஹெட்டுக்கு 17 போல்ட், ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2, இது எதுவும் கடைசி வரைக்கும் மாறல. அதனாலதான் எல்லாரும் "எதையும் எதுலயும் போடலாம்"னு சொல்லிடறாங்க. பாதி உண்மை அது. மீதி பாதிலதான் நம்ம காசு போகுது.

நான் டெக்சாஸ்ல இருக்கேன், 1978 சி10 பிக்கப் வச்சிருக்கேன். அதுக்கு ஒரு இன்ஜின் தேடினப்ப ஒருத்தர் "350, 4 போல்ட், நல்ல கண்டிஷன்"னு சொல்லி வித்தார் (350ன்னா க்யூபிக் இன்ச் அளவு, 4 போல்ட்னா கிராங்க்ஷாஃப்ட்டைப் பிடிக்கிற மெயின் கேப்புக்கு நாலு போல்ட்), நானும் நம்பி ஏத்திட்டு வந்துட்டேன். வீட்ல ஹெட்டைக் கழட்டி, கார்பனை துடைச்சுட்டு சிலிண்டர் வாய்ல வெர்னியரை வச்சா 3.74 இன்ச் காட்டுது. 350க்கு 4 இன்ச் இருக்கணும். மூணு தடவை வச்சு வச்சு பாத்தேன், அதேதான். 305 அது. பின்னாடி ஃபிளாஞ்ச்ல இருந்த கிரீஸை ஒரு ஸ்க்ரூ டிரைவரால சுரண்டி நம்பரைப் படிச்சிருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும், ரெண்டு நிமிஷ வேலை. அந்தக் கோவத்துலதான் இதை முழுசா எழுதணும்னு தோணுச்சு, வாங்கறதுக்கு முன்னாடியே ஒருத்தராவது இதைப் படிச்சுட்டு போகட்டும்.

முதல் வேலை: நம்பரைப் படிங்க

காயலான் கடைக்குப் போகும்போது டார்ச், வயர் பிரஷ், சின்ன கண்ணாடி, ஒரு சாக்பீஸ் எடுத்துட்டு போங்க. பிளாக்கோட பின் பக்கம், கியர்பாக்ஸ் வந்து உட்கார்ற ஃபிளாஞ்ச் மேல, டிரைவர் பக்கம் (அமெரிக்க வண்டி, அதனால இடது பக்கம்) காஸ்டிங் நம்பர் (வார்க்கும்போதே போட்ட நம்பர்) இருக்கும், எழுத்து மேல தூக்கிட்டு இருக்கும். பிரஷ் போட்டு தேச்சுட்டு சாக்பீஸை படுக்க வச்சு தேய்ச்சீங்கன்னா நம்பர் மட்டும் வெள்ளையா தெரியும். இன்ஜின் வண்டிக்குள்ள இருந்தா கண்ணாடி வச்சுத்தான் பாக்கணும், ஃபயர்வால் இடிச்சுட்டு இருக்கும்.

3970010னு இருந்தா பெரும்பாலும் 350, 1969ல இருந்து 70கள் முழுக்க வந்தது. ஆனா இதே நம்பர்ல 2 போல்ட் மெயினும் இருக்கு 4 போல்ட் மெயினும் இருக்கு, அதனால "010 பிளாக், கண்டிப்பா 4 போல்ட்"னு யாராவது அடிச்சு சொன்னா ஆயில் பேனைக் கழட்டி காட்டச் சொல்லுங்க, வேற வழியே கிடையாது. 14093638னா 1987க்கு அப்புறம் வந்த 350. 10243880னா 1996க்கு அப்புறம் வந்த ரோலர் பிளாக் (கேம் மேல உருளைல ஓடற லிஃப்டர் போடறது, கீழ 1987 பகுதில சொல்றேன்). 3951509, 3951511 ரெண்டும் 400.

தேதியும் அங்கேயே பின்னாடி இருக்கும், மாசத்துக்கு ஒரு எழுத்து (ஏ ஜனவரி, பி ஃபிப்ரவரி இப்படி), அப்புறம் நாள், அப்புறம் வருஷம். வருஷம் பல பிளாக்ல ஒரே ஒரு இலக்கம்தான், 8னு இருந்தா 68ஆ 78ஆன்னு அதை மட்டும் வச்சு சொல்ல முடியாது, காஸ்டிங் நம்பரோட சேத்துத்தான் முடிவு பண்ணணும். முன்னாடி வலது பக்க ஹெட்டுக்கு கீழ ஒரு சின்ன சமமான பேட்ல குத்தின எழுத்தும் இருக்கும், அது எந்த வண்டிக்குப் போன இன்ஜின்னு சொல்லும், ஆனா பிளாக்கை மேல தேய்ச்சு ஃபேஸ் பண்ணியிருந்தா அது போயிருக்கும்.

ஒரு குறுக்கு வழி: ஆயில் டிப்ஸ்டிக். 1979 வரைக்கும் டிரைவர் பக்கம், 1980ல இருந்து பாசஞ்சர் பக்கம். தூரத்துல இருந்து பாத்தாலே தெரியும். ஆயில் பேனும் அதுக்குத் தகுந்த மாதிரிதான் வாங்கணும்.

போர், ஸ்ட்ரோக்: எது எவ்வளவு

எல்லாம் இன்ச் கணக்கு, முதல் எண் போர் (சிலிண்டர் விட்டம்), ரெண்டாவது ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேல கீழ போற தூரம்).

265: 3.75, 3.00
283: 3.875, 3.00
302: 4.00, 3.00 (1967-69 கமேரோ இசட்28ல வந்தது)
307: 3.875, 3.25
327: 4.00, 3.25
350: 4.00, 3.48
305: 3.736, 3.48
400: 4.125, 3.75

262, 267னு ரெண்டு சின்னது உண்டு, அதை விட்டுடுங்க, அதுல பவருக்கு வழி இல்ல.

இந்த லிஸ்டை கொஞ்ச நேரம் பாத்தீங்கன்னா ஜிஎம் (செவர்லேயோட தாய் கம்பெனி) என்ன பண்ணியிருக்காங்கன்னு புரியும். 327 பிளாக்ல 283 கிராங்க் போட்டா 302. 283 பிளாக்ல 327 கிராங்க் போட்டா 307. அவங்களே மாத்தி மாத்தி போட்டுத்தான் புது இன்ஜின் உருவாக்கியிருக்காங்க, நாம பண்றதும் அதேதான். 305 பிளாக்கை ரீபோர் பண்ணி 350 ஆக்கிடலாமான்னு கேக்கறவங்களுக்கு: முடியாது, கால் இன்ச்சுக்கு மேல இரும்பை எடுக்கணும், தண்ணி வர்ற இடத்துக்கே போயிடும்.

ரெண்டாவது வேலை: மெயின் ஜர்னல் அளவு

கிராங்க் மாத்தறதுக்கு முன்னாடி மைக்ரோமீட்டர் கைல இருக்கணும். ஜர்னல்னா கிராங்க்ல பேரிங் உட்கார்ற உருண்டை பாகம், மெயின் பிளாக்ல உட்கார்றது, ராடு கனெக்டிங் ராடு மாட்டறது. மூணு குடும்பம் இருக்கு. 1967 வரைக்கும் வந்த 265, 283, 327, முதல் வருஷ 302 இதெல்லாம் சின்ன ஜர்னல், மெயின் 2.30, ராடு 2.00. 1968ல இருந்து வந்த 327, 302, 307, அப்புறம் எல்லா 350, எல்லா 305 இதெல்லாம் நடு சைஸ், மெயின் 2.45, ராடு 2.10. 400 மட்டும் தனி, மெயின் 2.65, ராடு 2.10.

சின்ன கிராங்கை பெரிய பிளாக்ல போட ஸ்பேசர் பேரிங்னு தடிமனான பேரிங் கிடைக்கும். 350 கிராங்கை 400 பிளாக்ல அப்படித்தான் போட்டு 377 கட்டுவாங்க. பெரிய கிராங்கை சின்ன பிளாக்ல போடணும்னா லேத் பட்டறைலதான் முடியும், 400 கிராங்கோட மெயினை 2.65ல இருந்து 2.45க்கு இறக்கி 350 பிளாக்ல போட்டு, சிலிண்டரை 30 தவ் (ஒரு தவ்னா இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு) ரீபோர் பண்ணினா 4.030 போர், 3.75 ஸ்ட்ரோக், அதுதான் எல்லாரும் சொல்ற 383. 305 கிராங்கும் 350 கிராங்கும் ஸ்ட்ரோக்கும் ஜர்னலும் ஒண்ணுதான், உட்காந்துடும், ஆனா 305 பிஸ்டன் வெயிட் கம்மி அதனால கிராங்கோட எதிர் வெயிட்டும் வேற, 350 பிஸ்டனோட போடறீங்கன்னா பேலன்ஸ் பண்ணாம போடாதீங்க.

மூணாவது: 9 இன்ச் கணக்கு

இந்த இன்ஜின்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், ஒரு பேப்பரும் பேனாவும் போதும். ஸ்ட்ரோக்ல பாதி, அதோட கனெக்டிங் ராடு நீளம், அதோட பிஸ்டன் பின் சென்டர்ல இருந்து பிஸ்டன் தலை வரைக்கும் உள்ள உயரம், மூணையும் கூட்டுங்க. 9.00 வரணும். பிளாக் உயரம் 9.025, அப்ப பிஸ்டன் மேல வரும்போது 25 தவ் கீழயே நிக்கும்.

350: 1.74 + 5.70 + 1.56 = 9.00
327: 1.625 + 5.70 + 1.675 = 9.00
283: 1.50 + 5.70 + 1.80 = 9.00
400: 1.875 + 5.565 + 1.56 = 9.00

எல்லாத்துலயும் ராடு 5.7 இன்ச், 400ல மட்டும் 5.565. பிஸ்டன் பின் தடிமன் எல்லாத்துலயும் 0.927. போர் 4 இன்ச்தானேன்னு 350 கிராங்க், ராடோட 327 பிஸ்டனைப் போட்டா கூட்டிப் பாருங்க, 9.115 வருது, பிளாக்குக்கு மேல 90 தவ் வெளிய வந்து நிக்கும், ஹெட்ல இடிக்கும். திருப்பி 350 பிஸ்டனை 327ல போட்டா 8.885, பிஸ்டன் குழிக்குள்ளயே நிக்கும், கம்ப்ரஷன் சுத்தமா போயிடும்.

383லயும் இதே கணக்குதான். 400 கிராங்க், 5.7 ராடு, சாதா 350 பிஸ்டன் போட்டா 9.135, அவ்ளோதான் முடிஞ்சுது. ரெண்டு வழி: 400ோட 5.565 ராடையே எடுத்துட்டு 30 தவ் ஓவர்சைஸ் 350 பிஸ்டன் போடலாம், இல்ல 5.7 ராடு வச்சுட்டு 383க்குன்னே வர்ற 1.425 உயர பிஸ்டன் வாங்கலாம். என்னைக் கேட்டா ரெண்டாவதுதான். குட்டை ராடு போட்டா பிஸ்டனை சிலிண்டர் சுவத்துல ஜாஸ்தி சாய்ச்சு தள்ளும், செலவு மிச்சம்னு அந்தப் பக்கம் போகாதீங்க.

நாலாவது: பேலன்ஸ், நான் கஷ்டப்பட்ட இடம்

350, 305, 327 இதுங்களோட பழைய கிராங்க் எல்லாம் தானே பேலன்ஸ் ஆனது, முன்னாடி பேலன்சர்லயும் (கிராங்க் முனைல அதிர்வைக் குறைக்கிற வட்டு) பின்னாடி ஃபிளெக்ஸ் பிளேட்லயும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்ல ஃபிளைவீலுக்கு பதிலா வர்ற தட்டு) எக்ஸ்ட்ரா வெயிட் கிடையாது. 400 அப்படி இல்ல, ஸ்ட்ரோக் பெருசு, கிராங்க்ல வெயிட்டுக்கு இடம் பத்தல, அதனால பேலன்சர்லயும் ஃபிளெக்ஸ் பிளேட்லயும் வெயிட் வச்சிருக்காங்க. போல்ட் ஓட்டை எல்லாம் ஒண்ணுதான், 350 ஃபிளெக்ஸ் பிளேட் 400 கிராங்க்ல அழகா உட்காரும். நான் முதல்ல கட்டின 383ல அப்படித்தான் பண்ணேன், பழைய 350 பிளேட் கைல இருந்துச்சு, மாட்டிட்டேன். ஐடில்ல ஒண்ணும் தெரியல. 2000 ஆர்பிஎம் தாண்டினதும் ஸ்டியரிங், சீட், கண்ணாடி எல்லாம் நடுங்குது, ஏர் கிளீனர் மூடி மேல வச்ச நட்டு தானா நகர்ந்து கீழ விழுது. அன்னைக்கே நிறுத்தி கழட்டினதால மெயின் பேரிங் தப்பிச்சுது. 400 கிராங்க்னா 400 பேலன்சர், 400 பிளேட். இல்லன்னா பட்டறைல கொடுத்து உள்ளயே பேலன்ஸ் பண்ணி வாங்குங்க.

1986: பின்பக்க ஆயில் சீல்

இது பெரிய எல்லைக்கோடு. 1985 வரைக்கும் ரியர் மெயின் சீல் ரெண்டு துண்டு, 1986ல இருந்து ஒரே ரிங். கிராங்கோட பின் ஃபிளாஞ்சே மாறிடுச்சு, ஃபிளைவீல் போல்ட் வட்டம் 3.58 இன்ச்ல இருந்து 3.00 இன்ச்சா சுருங்கிடுச்சு, பழைய ஃபிளாஞ்ச்ல இருந்த வெயிட் இப்ப ஃபிளெக்ஸ் பிளேட்டுக்குப் போயிடுச்சு. அதனால ரெண்டு காலத்து ஃபிளைவீலும் ஒண்ணுக்கொண்ணு சேராது. பழைய கிராங்கை புது பிளாக்ல போட அடாப்டர் உண்டு. புது கிராங்கை பழைய பிளாக்ல போட முடியாது, முயற்சி பண்ணாதீங்க. ஆயில் பேன் கேஸ்கெட்டும் 86ல இருந்து ஒரே துண்டு, பழசுல நாலு துண்டு, அதுலயும் 1975க்கு முன்னாடி முன் சீல் மெலிசு, 75-85 தடிமன், தப்பா வாங்கினா ஆயில் ஒழுகிட்டே இருக்கும்.

1987: ரோலர் கேம்

கார்கள்ல 87ல ரோலர் லிஃப்டர் வந்துச்சு. டிரக் பிளாக்ல அதுக்கான மேடு எல்லாம் வார்த்திருப்பாங்க, ஆனா பல வருஷம் சாதா லிஃப்டர்தான் போட்டாங்க, அதனால வருஷத்தை நம்பாதீங்க, இன்டேக்கைத் தூக்கி பாருங்க. லிஃப்டர் ஓட்டை சுத்தி உயரமா மேடு, நடுவுல ஸ்பைடர் தட்டு (லிஃப்டர் கைடுகளை அமுக்கிப் பிடிக்கிறது) போல்ட் பண்ண இடம், முன்னாடி கேமைப் பிடிச்சு வைக்கிற தட்டுக்கு ரெண்டு போல்ட் ஓட்டை, இந்த மூணும் மரை வெட்டி ரெடியா இருந்தாதான் கம்பெனி ரோலர் பார்ட்ஸ் அப்படியே ஏறும். ரோலர் கேமோட மூக்கு வேற, டைமிங் கியரும் வேற. ரோலர் லிஃப்டர் உயரம், அதனால புஷ் ராடு சுமார் 7.2 இன்ச், பழசுல 7.8. டிஸ்ட்ரிப்யூட்டர் கியரும் ரோலர் கேமுக்கு ஏத்ததா இருக்கணும், பழைய கியரைப் போட்டா தேஞ்சு தூளா ஆயில்ல கலக்கும். 1955-56ல வந்த 265 மட்டும் இன்னொரு தனி கேஸ், அதுக்கு பின் ஜர்னல்ல காடி வெட்டின கேம்தான் போடணும், இல்லன்னா மேல ஆயில் ஏறாது.

ஹெட்: எல்லாமே மாட்டும், எல்லாமே சரியா இருக்காது

55ல இருந்து 1996க்கு அப்புறம் வந்த வோர்டெக் வரைக்கும் எந்த ஹெட்டும் எந்த பிளாக்லயும் போல்ட் ஆகும். இங்கதான் அதிகமா ஏமாறுறாங்க, மாட்டிடுச்சுன்னா சரியா இருக்குன்னு நினைச்சுக்கறாங்க.

முதல்ல சேம்பர் (ஹெட்ல பெட்ரோல் எரியற குழி) அளவு. 70கள்ல வந்த 882 (காஸ்டிங் நம்பரோட கடைசி மூணு இலக்கம்) மாதிரி 350 ஹெட் 76 சிசி, 416னு சொல்ற 305 ஹெட் 58 சிசி. ஒரே 350, ஃபிளாட் டாப் பிஸ்டன், சாதா கேஸ்கெட், 76ல சுமார் 8.5 கம்ப்ரஷன், 58ல 10.3 பக்கம் போகும், சாதா பெட்ரோல்ல தட்டும். திருப்பி 76 சிசி ஹெட்டை 305ல போட்டா வண்டி மந்தமாயிடும், 2.02 வால்வ் உள்ள ஹெட்டா இருந்தா இன்டேக் வால்வ் சிலிண்டர் சுவத்துலயே இடிக்கலாம். 400 பிளாக்ல வேற ஹெட் போடறதா இருந்தா ஸ்டீம் ஹோல் போட்டே ஆகணும், அந்த பிளாக்ல சிலிண்டர்கள் ஒட்டிட்டு இருக்கு, நடுவுல தண்ணி போகாது, ஆவி வெளிய போக அந்த சின்ன ஓட்டைதான் வழி. கேஸ்கெட்டை வச்சு மார்க் பண்ணி டிரில் பண்ணுங்க.

அடுத்து வெளிப்பக்கம். 1969க்கு முன்னாடி வந்த ஹெட்கள்ல முன் முகத்துல பிராக்கெட் மாட்டற ஓட்டையே கிடையாது, ஆசையா டபுள் ஹம்ப் (முனைல ரெண்டு மேடு மாதிரி அடையாளம் இருக்கற பழைய) ஹெட் வாங்கிட்டு வந்து ஆல்டர்னேட்டரை எங்க மாட்டறதுன்னு முழிப்பாங்க. வால்வ் கவர் 86 வரைக்கும் ஓரத்துல நாலு போல்ட், 87ல இருந்து நடுவுல. அதே 87ல இரும்பு ஹெட்கள்ல இன்டேக்கோட நடு போல்ட்களோட சாய்வும் மாறிடுச்சு, பழைய மேனிஃபோல்ட் ஓட்டையைக் கொஞ்சம் நீள்வட்டமா பெருசு பண்ணினாதான் போல்ட் நேரா இறங்கும். வோர்டெக்ல அதுவும் போச்சு, 12 போல்ட்டுக்கு பதில் 8, அதுக்குன்னு தனி மேனிஃபோல்ட்தான்.

இவ்வளவு இருந்தும் தெருவுல ஓட்டற 350க்கு நான் வோர்டெக் ஹெட்தான் சொல்வேன், 906, 062 நம்பர், 64 சிசி, 1.94 வால்வ், ஜிஎம் பண்ணின இரும்பு ஹெட்கள்ல காத்து நல்லா இழுக்கறது இதுதான். கேம் லிஃப்ட் 0.460 தாண்டினா ரீடெயினர் சீல்ல இடிக்கும், அதை மட்டும் கவனிச்சுக்கோங்க. இதுல ராக்கர் தானே நேரா நிக்கிற டைப், அதோட கைடு பிளேட்டையும் (புஷ் ராடை நேரா பிடிக்கிற தட்டு) சேத்துப் போடாதீங்க, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டு வால்வ் முனையைத் தேய்ச்சுடும். ஹெட் போல்ட் எல்லாம் தண்ணி ஜாக்கெட்டுக்குள்ள இறங்குது, மரைல சீலன்ட் தடவித்தான் 65 அடி-பவுண்ட் டைட் பண்ணணும்.

முன்னாடி, பின்னாடி மாட்டற சாமான்

வாட்டர் பம்ப் 1968 வரைக்கும் குட்டை, 69ல இருந்து நீளம், கார்வெட் மட்டும் அதுக்கு அப்புறமும் குட்டையே. பம்ப், புல்லி, பிராக்கெட் மூணும் ஒரே செட்டா எடுங்க. ஒரே பெல்ட் சுத்தற செட்ல பம்ப் எதிர்ப்பக்கம் சுத்தும், வி பெல்ட் பம்பை அதுல மாட்டினா தண்ணி சரியா ஓடாம இன்ஜின் சூடாகும். ஸ்டார்ட்டருக்கு ஃபிளெக்ஸ் பிளேட் பல் எண்ணுங்க, 153 பல்லுன்னா போல்ட் ரெண்டும் நேர் கோட்டுல, 168னா சாய்வா. டைமிங் மார்க்கும் 69ல இடம் மாறுச்சு, பேலன்சரும் டைமிங் கவரும் வேற வேற வருஷத்து ஜோடின்னா டைமிங் லைட் அடிச்சுப் பாக்கறது பொய் சொல்லும்.

92ல வந்த எல்டி1 இன்ஜின் பாக்க இதே மாதிரி இருக்கும், ஆனா அதுல தண்ணி முதல்ல ஹெட்டுக்குத்தான் போகும், ஹெட்டும் இன்டேக்கும் சேராது. 97ல வந்த எல்எஸ் முழுக்க வேற இன்ஜின், 4.40 இடைவெளி மாதிரி சிலதுதான் மிச்சம்.

கடைசி வேலை: கையால சுத்துங்க

383 கட்டறீங்கன்னா ஹெட் போடறதுக்கு முன்னாடி கிராங்கை மெதுவா கையால சுத்தி, ஒவ்வொரு ராடு போல்ட்டும் பிளாக்கோட அடி ஓரத்துலயும் கேம் லோப்லயும் எவ்வளவு கிட்ட போகுதுன்னு பாருங்க. 60 தவ் இடைவெளி இல்லாத இடத்துல மார்க் பண்ணி கிரைண்டர்ல எடுங்க, எடுத்துட்டு பிளாக்கை சோப்புத் தண்ணில நல்லா கழுவுங்க. அப்புறம் பிஸ்டன் மேல கொஞ்சம் களிமண் வச்சு, பழைய கேஸ்கெட்டோட ஹெட்டை மாட்டி, ராக்கர் அட்ஜஸ்ட் பண்ணி ரெண்டு முழு சுத்து சுத்துங்க. கழட்டி பிளேடால களிமண்ணை வெட்டி தடிமன் பாருங்க. இன்டேக் பக்கம் 80 தவ், எக்ஸாஸ்ட் பக்கம் 100 தவ், அதுக்குக் குறையாம இருந்தா புது கேஸ்கெட் பிரிக்கலாம்.